குழந்தைக்கான கார் இருக்கை: பழைய வழக்கத்தால் நேரும் தவறுகள்

காரில் குழந்தையை அழைத்துச் செல்லும்போது பெற்றோர் செய்யும் தவறுகளில் பல, ஒரு காலத்தில் சரியென்றே கருதப்பட்டவை. 1930களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த குழந்தை இருக்கைகள் பிள்ளையைச் சற்று உயர்த்தி, ஓரிடத்தில் அடக்கி வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. விபத்திலிருந்து காப்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. ஜெமினி விண்கல வீரர்களின் இருக்கையிலிருந்து கருத்தைப் பெற்ற சுவீடன் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், குழந்தை காரின் பின்புறத்தைப் பார்த்து உட்காரும் பின்னோக்கிய இருக்கையின் முன்மாதிரியை 1964இல் உருவாக்கினார்.

மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கைதான் தவறுகளில் மிகக் கொடியது. 1978இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாகக் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய டென்னசி மாநிலம்கூட, பெரியவர் கையில் இருக்கும் குழந்தைக்கு விலக்கு அளித்திருந்தது. 1981இல்தான் அந்த விலக்கு நீங்கியது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது இயலாது. இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போடுவது இன்னும் ஆபத்தானது; பெரியவரின் உடலே குழந்தையை நசுக்கிவிடும்.

குழந்தையைச் சீக்கிரமே முன்னோக்கித் திருப்பி உட்காரவைப்பது அடுத்த தவறு. குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரியது, கழுத்தோ வலுவற்றது. பின்னோக்கிய இருக்கையில் மோதலின் விசை தலை, கழுத்து, முதுகு முழுவதிலும் பரவுகிறது. ஒரு வயது ஆனால் திருப்பலாம் என்ற பழைய அறிவுரையை மாற்றி, இரண்டு வயதுவரை பின்னோக்கியே இருக்கட்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாதமி 2011இல் கூறியது. 2018இல் வயதை விட்டுவிட்டு, இருக்கைக்குரிய உயர, எடை வரம்பை எட்டும்வரை என்று திருத்தியது. கால் மடங்குகிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கு அது இயல்பாகவே வரும். ஆனால் ஏர்பேக் செயல்படும் நிலையிலுள்ள முன்பக்க இருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது.

நல்ல இருக்கையை வாங்கியும் வாரைத் தளர்வாக விடுவோர் உண்டு. தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வாரை இறுக்கி, குழந்தையின் தோள்பட்டைக்கு மேலே அதை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும்.

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கூறுகிறது. செலவைக் குறைக்க, அக்கா பிள்ளைக்கு வாங்கியது சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்து மாட்டுவதில் தவறில்லை. ஆனால் அது பெரிய விபத்தில் சிக்கியதா என்று கேட்டறிந்து, அடியிலோ பின்புறத்திலோ அச்சிடப்பட்டிருக்கும் காலாவதித் தேதியையும் எடை வரம்பையும் படித்த பிறகே மாட்ட வேண்டும்.