காட்டு வழியில் ஒரு நாள் கார் பயணம்

போக வர 150 கி.மீ.க்குள் வைத்துக்கொள்ளுங்கள். வளைந்து வளைந்து போகும் சாலையில் மணிக்கு 30–40 கி.மீ. போனாலே அதிகம். இறங்கி நின்று பார்க்கத் தனியாக 2 மணி நேரம் ஒதுக்குங்கள். எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பேசாமல் இருந்தால்தான் பறவைகள் மறுபடி குரல் கொடுக்கும். உள்ளே சிக்னல் இருக்காது, மேப்பை முதல் நாளே போனில் இறக்கிவையுங்கள். டயர் காற்றைக் கிளம்பும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

பலர் தவறுவது இறக்கத்தில்தான். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் பேட் (டிஸ்க்கை, அதாவது சக்கரத்தோடு சுழலும் தட்டை, அழுத்திப் பிடிக்கும் பட்டை) சூடேறிப் பிடிப்பு குறையும். முதலில் கருகிய வாடை வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் பெடல் மெத்தென்று உள்ளே போகும். ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதிலேயே இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். வாடை வந்தால் ஓரம்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும்.

வளைவில் ஈரச் சருகு கிடந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். அதன்மேல் பிரேக் போட்டால் வழுக்கும். மர நிழலில் கூலிங் கிளாஸைக் கழற்றி, ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள்.

காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தவே கூடாது, சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும்.

ஒரு மான் குறுக்கே ஓடினால் உடனே கிளம்பாதீர்கள், பின்னால் இன்னொன்று வரலாம். அந்தியில் விலங்கு நடமாட்டம் கூடும். இருட்ட ஒரு மணி நேரம் முன்பே காட்டைத் தாண்டிவிடுங்கள்.