ஆக்சிலேட்டரைக் கட்டிப்போடுகிறவர்களுக்கு

தக்கலையில் என் பட்டறைக்குப் போன வாரம் ஒரு பையன் வந்தான். ஸ்கூட்டரிலேயே கோயம்புத்தூர் போகப்போகிறானாம். வலது கைப்பிடியின் நுனியில் சைக்கிள் டியூபை மோதிரம்போல வெட்டி மாட்டியிருந்தான். முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் ரேஸ் அப்படியே நிற்கிறது. "எப்படிண்ணே ஐடியா?" என்று முகமெல்லாம் சிரிப்பு. ஐடியா பழசு மக்கா. அதே டியூபை நானும் மாட்டியிருக்கிறேன், விழுந்தும் இருக்கிறேன்.

ஆசை நியாயமானதுதான். எஞ்சினுக்குள் போகிற காற்றை அளந்துவிடும் கார்புரேட்டரிலோ த்ராட்டில் பாடியிலோ இருக்கும் ஸ்பிரிங், ஆக்சிலேட்டரை எப்போதும் மூடப் பார்க்கும். நூறு கிலோமீட்டர் தூரம் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே போனால், அதிர்வும் சேர்ந்து கை மரத்துப்போகும். அதற்காக டியூப், ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம், கேபிள் டை, துணி மாட்டுகிற மரக்கிளிப்பு என்று என்னென்னவோ செய்கிறார்கள். இரண்டு கையையும் விட்டு ஓட்டாதே, டவுனுக்குள் மாட்டாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வலிக்குக் காரணம் பார்க்காமல் வளையம் தேடுவது

குளச்சல், முட்டம் பக்கமிருந்து வருகிற வண்டிகளில் பாதிக்கு ஆக்சிலேட்டர் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கும். கடல் உப்பு ஒரு பக்கம், ஆனி ஆடி மழை, ஐப்பசி மழை என்று வருஷத்துக்கு இரண்டு மழை இன்னொரு பக்கம். முறுக்கவே பாரமாக இருக்கும், கை வலிக்கத்தான் செய்யும். அந்த வண்டிக்கு வளையம் வேண்டாம், புதுக் கேபிள்தான் வேண்டும்.

எஞ்சினை அணைத்துவிட்டு முழுசாக முறுக்கிக் கையை விடுங்கள். 'டக்'கென்று திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரை நேராக வைத்து ஒரு தடவை, இடது கோடிக்குத் திருப்பி ஒரு தடவை, வலது கோடிக்கு ஒரு தடவை. ஒன்றிலாவது சோம்பலாகத் திரும்பினால் அன்றைக்குப் பயணமே வேண்டாம். கேபிளில் கொஞ்சம் தளர்வும் இருக்க வேண்டும், அதாவது கேபிள் இழுபடுமுன் கைப்பிடி சும்மா சுற்றுகிற தூரம். கைப்பிடி ஓரத்தில் அளந்தால் பல வண்டிகளுக்கு 2 முதல் 6 மில்லிமீட்டர்.

பிரேக் லீவரில் முட்டுக்கொடுப்பது

கேபிள் டையின் வாலையோ ஒரு குச்சியையோ கைப்பிடியில் கட்டி, மறுமுனையை பிரேக் லீவரின் முதுகில் சாய்த்துவிடுகிறார்கள். நன்றாகத்தான் நிற்கும். ஆனால் லீவரைப் பிடித்தால் அது நம் பக்கம் வரும், குச்சியையும் தள்ளிக்கொண்டு வரும், ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கும். பிரேக் பிடித்தால் ரேஸ் ஏறுகிற வண்டி. இதற்கு மேல் என்ன சொல்ல?

"பிரேக் புடிச்சா நின்னுரும்ல?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது என்னிடம் 110 சிசி ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. திருநெல்வேலிக்கும் இங்கேயும் ஸ்பேர் வாங்க ஓயாத அலைச்சல். டியூப் வளையத்தை நல்ல இறுக்கமாக மாட்டியிருந்தேன். கையால் திருப்பினால் மூடும், விட்டால் நிற்கும். அது போதும் என்று நினைத்தேன். ஒரு நாள் விடியுமுன் திருநெல்வேலியிலிருந்து திரும்பி வந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டி, தோவாளை பூச்சந்தை நெருங்குகிற இடம். பூமூட்டை கட்டிய மொபெட் ஒன்று ஓரத்திலிருந்து சட்டென்று குறுக்கே திரும்பியது. இரண்டு பிரேக்கையும் கொத்தாகப் பிடித்தேன்.

வண்டி வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி இருந்தது. அந்த ஒரு நொடியில் எனக்குக் காரணமே பிடிபடவில்லை. மொபெட்டில் மோதி, பூமூட்டை மேலேயே விழுந்தேன். பிச்சிப்பூ ரோடெல்லாம் சிதறிக் கிடக்கிறது. என் ஸ்கூட்டர் பக்கவாட்டில் சாய்ந்து, பின்சக்கரம் அந்தரத்தில் சுழல, 'ங்ங்ங்' என்று கத்திக்கொண்டே கிடக்கிறது. பூக்காரர் என்னைத் தூக்கவே இல்லை. "பூவ பொறவு பாப்போம், மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணும் ஓய்!" என்று அலறினார். மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு, ஒரு மூட்டை பூவின் விலை.

கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நாம் யாரும் ஆக்சிலேட்டரை மூடுவதே இல்லை. பிடியை விடுகிறோம், ஸ்பிரிங் மூடுகிறது. ஆபத்து நேரத்தில் கை செய்வதும் அதைத்தான்: கைப்பிடியை விட்டுவிட்டு விரல்கள் நேராக லீவருக்குப் பாயும். 'கையால் திருப்பி மூடிக்கொள்ளலாம்' என்பதெல்லாம் பட்டறையில் நின்று பேசுகிற பேச்சு. நடுரோட்டில் மூளைக்கு அந்த அவகாசம் கிடையாது.

கியர் பைக்கிலாவது பழக்கதோஷத்தில் இடது கை கிளச்சைப் பிடித்துவிடும். எஞ்சின் தனியாகக் கத்தும், சக்கரத்துக்கு இழுப்பு போகாது. ஸ்கூட்டரில் இடது கையிலும் பிரேக்தான். உள்ளே இருக்கிற கிளச்சு எஞ்சின் வேகத்தை வைத்துத் தானாகப் பிடிக்கிற வகை. ரேஸ் இருக்கிற வரைக்கும் அது விடாது. பிரேக்கும் எஞ்சினும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் எஞ்சினை உடனே அணைக்கிற கில் ஸ்விட்சும் கிடையாது. சாவியைத் தேடித் திருப்ப வேண்டும், அதுவும் அவசரத்தில் ஹேண்டில் லாக் வரைக்கும் போய்விடாமல்.

அதனால் நான் சொல்வது இதுதான்: கியரில்லாத ஸ்கூட்டருக்கு எந்த வளையமும் வேண்டாம். கியர் பைக்குக்குப் பூட்டு வேண்டாம், லேசான உரசல் போதும். சைக்கிள் டியூபை விட மெல்லிய ஓ-ரிங் தேவலை. கையை எடுத்த உடனே ரேஸ் குறையத் தொடங்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் முழுசாக மூடியிருக்க வேண்டும். விரலை உதறிக்கொள்ள அந்த மூன்று எண்ணிக்கை தாராளம்.

விடியற்காலையில் மட்டும் சோதிப்பது

காலை ஐந்து மணிக்குச் சரியாக இருந்த ரப்பர், மதியம் கயத்தாறு வெயிலில் இளகிக் கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ளும். மழையில் வழுக்கி ஒன்றுக்கும் உதவாது. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஒரு முறை முறுக்கி விட்டுப் பாருங்கள்.

கைப்பிடி நுனியில் இடைவெளி விடாதது

கைப்பிடி ரப்பருக்கும் நுனியில் இருக்கிற வெயிட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டராவது வேண்டும். புது ரப்பர் மாட்டும்போது வெயிட்டோடு உரசுகிற மாதிரி தள்ளிவிடுகிறார்கள். வளையமே இல்லாமல் ஆக்சிலேட்டர் திறந்தபடியே நின்றுவிடும்.

இதை க்ரூஸ் கண்ட்ரோல் என்று நினைப்பது

க்ரூஸ் கண்ட்ரோல் என்பது வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கிற வசதி. வளையம் பிடித்து வைப்பது ஆக்சிலேட்டரின் திறப்பைத்தான், வேகத்தை அல்ல. ஆடி மாதத்தில் முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஓட்டியவர்களுக்கு இது புரியும். கணவாய்க் காற்று முகத்தில் அறைகிறபோது வண்டி திணறும். அதே திறப்போடு ஒரு லாரியின் பின்னால் போய் ஒதுங்கினால் காற்று அற்றுப்போகும், வண்டி சட்டென்று முன்னால் பாயும். எங்கே? லாரியின் பின்புறத்தை நோக்கி. காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலை நேராகக் கிடந்தாலும், ஏற்ற இறக்கத்தில் இதே கதைதான்.

வளையத்தோடு வண்டியை இரவல் கொடுப்பது

கொடுக்காதீர்கள். மச்சினன் என்றாலும்.

அந்தப் பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. அவன் ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஸ்டார்ட் செய்து, கால்வாசி முறுக்கச் சொன்னேன். பின்சக்கரம் சுற்றியது. "லே, இப்ப முன்னால ஒரு மாடு வந்துட்டு, புடி!" என்று கத்தினேன். இரண்டு லீவரையும் இறுக்கிப் பிடித்தான். சக்கரம் நின்றது, ஆனால் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது, வண்டி ஸ்டாண்டில் நடுங்கியது. லீவரை விடச் சொன்னேன். விட்ட உடனே சக்கரம் மறுபடி சீறிக்கொண்டு சுற்றியது. அவனே சாவியைத் திருப்பினான்.

"அப்போ கை மரத்தா என்னண்ணே பண்ண?"

"மணிக்கு ஒரு தடவை நிறுத்திச் சாயா குடி."

கேபிளை இழுத்துப் பார்த்தேன். நினைத்த மாதிரியே துரு. மாற்றிக் கொடுத்தேன், கைப்பிடி பூமாதிரி சுற்றியது. டியூப் வளையத்தைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். கேபிள் காசு கோயம்புத்தூரிலிருந்து வந்து தருகிறானாம்.