ஈசினோபில் கூடினால் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்

என் கணவர் கல்லிடைக்குறிச்சிக்காரர். கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலில் வெறுங்காலோடு சேறு மிதித்தவர். இரண்டு ஆண்டுகளாக அவருடைய ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்ற வெள்ளணு வகை கூடுதலாகவே வந்தது. "அலர்ஜிதான்" என்றார்கள், மாத்திரை வாங்கினோம். ஒரு நாள் காலையில் காப்பித் தம்ளர் அவர் வலக்கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தார், விரல் மடங்கவில்லை. இதயத்துக்குள் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருந்தது.

ரிப்போர்ட்டில் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள், கணக்குப் போடுங்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளணு 12,000, ஈசினோபில் 30 சதவீதம் என்றால் ஈசினோபில் எண்ணிக்கை 3,600. வழக்கமாக இது 500க்குள் இருக்கும். 1,500க்கு மேல் ஏறி, மறு பரிசோதனையிலும் இறங்காவிட்டால் ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள்.

நம் பக்கம் இது பெரும்பாலும் குடற்புழுவால்தான் கூடும். வயலில் இறங்குகிறவர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு உள்ளே இருக்கும்போது ஈசினோபிலைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுத்தால், அது உடல் முழுக்கப் பெருகி உயிருக்கே ஆபத்தாகும்.

ஈசினோபில் அணுக்கள் கக்கும் நச்சுப் புரதம் இதயத்தின் உட்சுவரை அரிக்கும். அப்போது நோயாளிக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பிறகு அந்தப் புண்ணில் ரத்தம் உறையும்; கடைசியில் தழும்பு கட்டிச் சுவர் விறைக்கும், வால்வு கசியும். அதனால் மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் டிரோபோனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) மூன்றையும் கேளுங்கள். தொடக்கத்தில் எக்கோ நன்றாகவே தெரியலாம். சந்தேகம் இருந்தால் இதய எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

மரபணுப் பரிசோதனையையும் கேளுங்கள். பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு இமாடினிப் மாத்திரை நன்றாகக் கேட்கும். என் கணவருக்கு அது இல்லை, ஸ்டீராய்டில்தான் எண்ணிக்கை இறங்கியது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

வீட்டில் நான் தினமும் செய்வது இது: காலையில் சாப்பிடும் முன் எடை பார்க்கிறேன். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுக்கிறேன். குழி நின்றால் நீர் கோத்திருக்கிறது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுக்க இன்னொரு தலையணை கேட்டாலோ அன்றே மருத்துவரிடம் போகிறோம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவதால் கீரையை நிறுத்தவில்லை, வாரந்தோறும் ஒரே அளவு வைக்கிறேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை கூடவே கூடாது. வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ உடனே 108.

எண்ணிக்கை இறங்கிவிட்டது என்று எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டிய தழும்பு அதோடு இறங்குவதில்லை.