அம்மாவுக்கு 62 வயது, கிட்னி கொடுக்கலாமா?

மகனுக்கு 34 வயது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கிட்னி தர முன்வருவது 62 வயது அம்மா. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டுக் கூடத்தில் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது: "வயசான கிட்னி எத்தனை நாள் தாங்கும்? சின்னவனைக் கேட்போம்."

வயது ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. வயது ஏற ஏற இவை தழும்பேறிக் குறைகின்றன. நாற்பதுக்குப் பிறகு ஜிஎஃப்ஆர் என்கிற வடிகட்டும் வேகம் (நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்ற கணக்கு) ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மி.லி. வீதம் இறங்கும். அதனால் இளையவர் தந்த கிட்னி சராசரியாகக் கூடுதல் காலம் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அம்மாவின் கிட்னியை யாருடைய கிட்னியோடு ஒப்பிடுகிறோம்? கைக்கு வராத ஓர் இளைஞரின் கிட்னியோடு. மகனுக்கு எதிரே இருக்கும் வழியோ, டயாலிசிஸிலேயே இன்னும் சில வருடம் காத்திருப்பது. அந்தக் காத்திருப்பு உடம்பை, முக்கியமாக இதயத்தை, அரித்துக்கொண்டே இருக்கும். ஆரோக்கியமான 62 வயதுக்காரரின் கிட்னி அதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது. "அம்மாவுக்கு கிரியேட்டினின் 1.0, எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட்டைப் பார்த்துத் திருப்தி அடைவது. கிரியேட்டினின் தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவு, அதை வடிகட்டுவது கிட்னி. வயதான பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் வடிகட்டல் மந்தமாக இருந்தாலும் அளவு ஏறாது. இப்போது புழக்கத்தில் இருக்கும் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: கிரியேட்டினின் 1.0 உள்ள 30 வயது ஆணுக்கு ஜிஎஃப்ஆர் சுமார் 104 வரும். அதே 1.0 உள்ள 68 வயதுப் பெண்ணுக்கு 61தான். ஒரே எண், இரண்டு வேறு கிட்னிகள். சூத்திரமும் மதிப்பீடுதான் என்பதால் டிடிபிஏ ஸ்கேன் எடுக்கிறார்கள். அது இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிவிடும். இந்த ஒரு ஸ்கேன் முடிவு வரும்வரை வயதைப் பற்றி விவாதிப்பதில் அர்த்தமில்லை.

சரி, சின்னவனிடம் வருவோம். அவனுக்கு 22. கிட்னி பிரமாதமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அவன் இன்னும் ஐம்பது, அறுபது வருடம் ஒற்றைக் கிட்னியோடு வாழ வேண்டும். குடும்பத்தில் சர்க்கரையோ பரம்பரைச் சிறுநீரக நோயோ இருந்தால், 22 வயதில் அது இன்னும் முகம் காட்டாமல் இருக்கலாம். சர்க்கரையும் பிபியும் இல்லாமல் அறுபதைத் தாண்டிய அம்மா அந்தப் பரீட்சையை ஏற்கெனவே எழுதி முடித்தவர். இப்போது அம்மா, தேவைப்பட்டால் பின்னாளில் தம்பி என்று திட்டமிடும் குடும்பங்களும் உண்டு. ஆனால் முதல் மாற்று உடம்பில் எதிர்ப்பொருட்களை உண்டாக்கினால் இரண்டாவதற்குப் பொருத்தம் கிடைப்பது சிரமமாகலாம். இதையும் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

மூளைச்சாவு அடைந்தவர்கள் விஷயத்திலும் இதே அவசர முடிவுதான்: "அப்பாவுக்கு 66, அவர் கிட்னியை யார் எடுக்கப் போகிறார்கள்?" எடுப்பார்கள். ஐரோப்பாவில் யூரோட்ரான்ஸ்பிளான்ட் அமைப்பு 1999 முதல், 65 தாண்டியவரின் கிட்னியை 65 தாண்டிய நோயாளிக்கே, முடிந்தவரை பக்கத்து ஊரிலேயே கொடுக்கும் திட்டத்தை நடத்துகிறது. பக்கத்து ஊர் ஏன்? வயதான கிட்னி ஐஸ் பெட்டியில் அதிக நேரம் தாங்காது, பொருத்திய பிறகும் தாமதமாகத்தான் விழிக்கும். இந்தியாவிலும் 65 வயதைத் தாண்டிய நோயாளிகள் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைப் பெறப் பதிந்துகொள்ள முடியாது என்றிருந்த தடை 2023இல் நீக்கப்பட்டது. தாத்தா பாட்டி பேரனுக்கு நெருங்கிய உறவினராகவே கொடுக்க உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் வழி செய்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் பெரியவர்களின் சான்றிதழ் வயது, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டது. அது இரண்டு வயது முன்னே பின்னே இருந்தால் பெரிய பாதகமில்லை. ஆனால் மகனுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்ற வேகத்தில் பிபி மாத்திரை சாப்பிடுவதை மறைக்கும் அம்மாக்கள் உண்டு. முதல் பரிசோதனைக்குப் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் ஃபைலோடு எடுத்துப் போங்கள்.