கேட் தேர்வு: படித்தும் மார்க்கை விடுகிற இடங்கள்

கோத்தகிரியில் இருந்து கேட் (GATE, எம்.டெக் சேர இன்ஜினியரிங் பசங்கள் கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு) எழுதப் போகிற பசங்களிடம் நான் முதலில் கேட்பது, மவுஸ் பிடித்துக் கணக்குப் போட்டுப் பழகினாயா என்றுதான். முதல் தடவை எனக்கு அடி விழுந்தது அங்கேதான். நாலு வருஷம் கையோடு ஒட்டிக் கிடந்த கால்குலேட்டரை ஹாலுக்குள் விட மாட்டார்கள், திரையில் வருகிற கால்குலேட்டரில் ஒவ்வொரு எண்ணாக மவுஸால் தட்ட வேண்டும், கோணத்துக்கு அது டிகிரியில் நிற்கிறதா ரேடியனில் நிற்கிறதா என்று வேறு பார்க்க வேண்டும். வீட்டில் அரை நிமிஷத்தில் முடிந்த கணக்கு அங்கே இரண்டு நிமிஷம் தின்றது. மொத்தம் 65 கேள்வி, 180 நிமிஷம். தேர்வு நடத்துகிறவர்கள் இணையதளத்தில் மாதிரித் தேர்வு இலவசமாகவே போடுகிறார்கள், அதைத் தொடாமல் காசு கட்டி டெஸ்ட் சீரிஸ் வாங்குகிறோம்.

அடுத்தது நெகட்டிவ் மார்க் பயம். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்குத்தான் நெகட்டிவ்: 1 மார்க்குக்கு மூன்றில் ஒரு பங்கு, 2 மார்க்குக்கு மூன்றில் இரண்டு பங்கு போகும். விடையை எண்ணாகப் போடும் கேள்விக்கும், ஒன்றுக்கு மேல் சரியான விடை இருக்கக்கூடிய கேள்விக்கும் நெகட்டிவே கிடையாது, ஆனாலும் பாதிப் பேர் காலியாக விட்டுவிட்டு வருகிறார்கள். சரி, நாலில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குத்தினால்? 2 மார்க் கேள்வி 12 என்றால் சராசரியாக 3 சரி, 9 தப்பு. வந்த 6 அப்படியே போய்விடும், மிச்சம் சைபர். ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்து அதைத் தள்ளிவிட்டால் கணக்கு நம் பக்கம் சாயும், அப்போது துணிந்து போடலாம்.

பொதுத்திறன் பகுதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை. 10 கேள்விக்கு 15 மார்க்.

அப்புறம் பயணம். மேட்டுப்பாளையம் பக்கம்தானே, விடியற்காலை பஸ் பிடித்தால் தேர்வு சென்டர் இருக்கிற கோயம்புத்தூருக்கு ஒன்பதுக்குள் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். இறங்குகிற மலைப்பாதையில் குஞ்சப்பனையில் யானை ரோட்டில் நின்றால் அது நகரும்வரை பஸ்ஸும் நிற்கும், அதற்கு உங்கள் ஹால் டிக்கெட் பற்றித் தெரியாது. முந்தின நாளே இறங்கிவிடுங்கள்.

இறங்கும்போது இன்னொன்று. பிப்ரவரியில் இங்கே உறைபனி, கீழே வெயில். என் நண்பன் ஜெர்கினைப் போட்டுக்கொண்டு இறங்கினான், காலையில் புழுக்கம் தாங்காமல் லாட்ஜ் கட்டிலில் கழற்றிப் போட்டுவிட்டு சென்டருக்கு வந்தான். ஒரிஜினல் ஆதார் ஜெர்கின் பாக்கெட்டில். ஜெராக்ஸைக் காட்டினான், செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டோ பிடித்து லாட்ஜுக்கு ஓடினான், ரூம் பையன் அறையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான்.