ஆடிக்காற்றை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

கொங்கு நாட்டில் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்கள் பலர். திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலிருந்து வெளிநாட்டு பையருக்கு (துணி வாங்குபவருக்கு) மின்னஞ்சல் அனுப்பும் மெர்ச்சண்டைசரும், இந்த வட்டாரத்துச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்க்க முயலும் கல்லூரி மாணவியும் அவர்களில் அடக்கம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத பக்கத்தில்கூட, உவமை வரும் வாக்கியம் மட்டும் ஒட்டாமல் தனித்து நிற்பதைப் பார்க்கலாம். உவமையில் வரும் பொருளை மொழிபெயர்த்துவிட்டு, அந்த உவமை செய்த வேலையை விட்டுவிடுவதால் வரும் கோளாறு இது.

ஆகவே அகராதியைத் திறப்பதற்கு முன், ஒப்பிடப்படும் இரண்டுக்கும் எது பொது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொல்காப்பியத்தின் உவமவியல் வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த இந்தப் பகுப்பு மொழிபெயர்ப்பு மேசையில் நன்றாகவே கைகொடுக்கும். 'பையன் காங்கேயம் காளையாட்ட நிக்கறான்' என்பதில் ஒப்பிடப்படுவது மெய். அதிலும் வலிமையைவிட நிற்கும் மிடுக்கே முக்கியம். 'ஸ்ட்ராங் அஸ் அன் ஆக்ஸ்' என்று போட்டால் வலிமை வரும், மிடுக்கு போய்விடும். ஆங்கிலத்தில் ஆக்ஸ் என்ற சொல்லுக்கு மந்தபுத்தி என்ற வாடையும் உண்டு. வெறும் 'புல்' என்றாலோ முரட்டுத்தனம் முந்திக்கொள்ளும். 'ஹி ஸ்டுட் லைக் எ ப்ரைஸ் புல்' என்பது பரிசு வாங்கிய காளையின் பெருமிதத்தைக் கொண்டுவருகிறது. கதைக்கு ஊர்ப்பெயர் தேவையானால், 'லைக் எ காங்கேயம் புல், ஆல் ஹம்ப் அண்ட் ஷோல்டர்' என்று திமிலையும் தோளையும் அதே வாக்கியத்துக்குள் காட்டிவிடலாம். அடிக்குறிப்பு எழுதினால் வாசகர் கதையை விட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

பொதுத்தன்மை தெரிந்த பிறகு, அந்த உவமை புகழ்கிறதா பழிக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் அதிகப் பிழைகள் நேரும் இடம் இதுதான், ஏனெனில் ஆங்கிலத்தில் ஏறத்தாழ அதே படத்தோடு ஒரு தொடர் தயாராக இருக்கும்போது நாம் மேற்கொண்டு யோசிப்பதில்லை. 'எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி' என்பதற்குப் பலரும் 'லைக் வாட்டர் ஆஃப் எ டக்ஸ் பேக்' என்று எழுதுகிறார்கள். இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது, உறைக்காமல் போவதும் இருக்கிறது. ஆனால் எருமை உவமை சொரணை இல்லாதவனைத் திட்டுவது, வாத்து உவமையோ பழிச்சொல்லைப் பொருட்படுத்தாதவரைப் பல நேரங்களில் மெச்சுவது. வசவு வசவாகவே போய்ச் சேர வேண்டுமானால், 'யூ மைட் அஸ் வெல் டாக் டு எ வால்' என்பது அதற்கு நெருங்கி வருகிறது. 'மதில் மேல் பூனை'யும் இப்படித்தான்: பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்பது நமக்குத் தெரியாது, ஆனால் ஆங்கிலத்தில் வேலி மேல் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கமும் சேர மறுக்கிறவர். அழகைச் சொல்லும் பழைய உவமைகளில் ஆபத்து இன்னும் கூடுதல். கயல்விழியை 'ஃபிஷ் ஐஸ்' என்றால் உணர்ச்சியற்ற, குளிர்ந்த பார்வை என்றாகிவிடும். பிடியின், அதாவது பெண் யானையின், நடையை அப்படியே கொண்டுபோனால் கதாநாயகி தடதடவென்று நடப்பவளாகிவிடுவாள். மான்விழி மட்டும் 'டோ-ஐட்' என்று சேதமின்றிக் கரை சேர்கிறது.

ஆங்கிலத்தின் இயல்பு ஒன்றை இங்கே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தமிழ் 'போல', 'மாதிரி', 'ஆட்டம்' என்று விரித்துச் சொல்லும் பலவற்றை ஆங்கிலம் ஒரு வினைச்சொல்லுக்குள் அடக்கிவிடும். பாம்பு போல வளைந்து சென்ற பாதை 'ஸ்நேக்ட்' என்ற ஒரே சொல்லில் வந்துவிடும். பருந்து போலப் பாய்ந்தவன் 'ஸ்வூப்ட்'. இனி 'மாமா ஆடிக்காத்தாட்ட வந்துட்டுப் போனாரு' என்பதை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்றைப் பல்லடத்திலும் உடுமலையிலும் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆடி ஜூலையில் பிறக்கிறது என்பதற்காக 'ஜூலை விண்ட்' என்று எழுதினால், இங்கிலாந்து வாசகர் இதமான கோடைத் தென்றலை நினைத்துக்கொள்வார். 'ப்ரீஸ்ட் இன்' என்பதும் உதவாது. அது அலட்சியமாக, இலேசாக உள்ளே வருவதைக் குறிக்கும். 'ஹி ப்ளூ இன் லைக் எ கேல் அண்ட் வாஸ் கான்' என்பதில் வேகமும் இருக்கிறது, வந்த சுவடு தெரியாமல் போனதும் இருக்கிறது.

வணிகக் கடிதமானால் படத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம். 'பூ மாதிரி துணி' என்பதை 'ஃப்ளவர்-லைக் ஃபேப்ரிக்' என்றால், பையர் பூப்போட்ட துணி என்று புரிந்துகொள்ள இடமுண்டு. 'ஸாஃப்ட் ஹேண்ட் ஃபீல்' என்பதே அந்தத் தொழிலின் பேச்சு. பருத்தித் துணியைப் பட்டுப் போல என்று சொல்லும்போது, தொடுவுணர்வைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது தெரியும்படி எழுதுவது நல்லது, ஏனென்றால் நூல் வகை அங்கே ஒப்பந்த விஷயம்.

கதையிலும் கவிதையிலும் நிலைமை வேறு. தோட்டத்து வரப்பில் நின்று 'அத்தி பூத்த மாதிரி' என்று பேசும் அப்பத்தாவின் வாயில் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று வைத்தால் அவர் வேறு யாரோ ஆகிவிடுகிறார். அங்கே அத்திப்பூவே இருக்கட்டும், அரிது என்ற பொருளை முன்னும் பின்னும் உள்ள சொற்கள் சுமக்கட்டும். குறுந்தொகையின் 40ஆம் பாடலில் வரும் 'செம்புலப் பெயல்நீர்' என்ற உவமையை ஏ.கே. ராமானுஜன் 'ரெட் எர்த் அண்ட் போரிங் ரெயின்' என்று ஆங்கிலமாக்கினார். (அந்த உவமையாலேயே பாடிய புலவர் செம்புலப்பெயனீரார் என்று பெயர் பெற்றார்.) செம்மண்ணில் பெய்த நீர் என்ற ஒரே தொகையை அவர் மண், மழை என்று இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு 'அண்ட்' வைத்தார். மூலத்தின் தொடரமைப்பு போனது, ஆனால் இரண்டு பொருள்கள் கலப்பது முன்னைவிட வெளிப்படையானது. நம்மூர்ச் செம்மண்ணைக் கண்ணால் காணாத வாசகரும் அதைப் பார்த்துவிட முடிகிறது.

உவம உருபு மறைந்திருக்கும் தொகைகளையும் கவனிக்க வேண்டும். 'முத்துப்பல்' என்பதை 'பேர்ல் டீத்' என்று இரு பெயர்ச்சொற்களாக ஒட்டினால் பல்லே முத்தால் செய்தது போலாகிவிடும். 'பேர்லி' என்று பெயரடையாக்கினால் சரியாகும். உருபு வெளிப்படையாக வரும்போது, பெயர்ச்சொல்லுக்கு முன் 'லைக்', முழு வாக்கியத்துக்கு முன் 'அஸ் இஃப்' என்ற வேறுபாட்டைக் கடைப்பிடித்தால் போதும்.

எழுதியதைச் சரிபார்க்கப் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் போன்ற, ஆங்கில எழுத்தையும் பேச்சையும் திரட்டி வைத்த தொகுப்புகள் இருக்கின்றன. 10 கோடிச் சொற்கள் கொண்ட அதில் உங்கள் தொடரைத் தேடி, அது யாரைப் பற்றி, எந்தத் தொனியில் வருகிறது என்று வரும் வாக்கியங்களைப் படித்துப் பாருங்கள். தொடர் அங்கே இல்லாவிட்டால் தவறு என்று பொருளில்லை. வேறு தொனியில் இருந்தால்தான் மாற்ற வேண்டும்.