பட்டறைப் பெயர்ப்பலகைக்குக் கனத்த சதுர எழுத்து வரையும் முறை

மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் பலகைக்கு ‘மெஷின் மாதிரி’ எழுத்து கேட்டால், அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் யூரோஸ்டைல் வகை உருவம்தான். இத்தாலியின் நெபியோலோ அச்செழுத்து வார்ப்பகத்துக்காக ஆல்டோ நோவாரெசே 1962இல் வடித்த அந்த எழுத்துருவில் வட்டங்களெல்லாம் பழைய டிவி திரையைப் போலப் பக்கங்கள் சற்றே உப்பி, மூலைகள் மழுங்கிய சதுரங்களாகியிருக்கும். இதைத் தமிழுக்குக் கொண்டுவருவோர் ட, ப ஆகியவற்றில் தொடங்கி ஏமாந்துபோகிறார்கள். அவை பிறவியிலேயே சதுரமானவை. எவ்வளவு கனம் கொடுத்தாலும் தாங்கும்.

மூன்று சுழி ணகரத்திலிருந்து தொடங்குங்கள். சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைந்துபோகாமல் எவ்வளவு தடிமனாகக் கோடு இழுக்க முடிகிறதோ, அதுவே மற்ற எழுத்துகளுக்கும் உச்ச வரம்பு. ணகரத்துக்கு அகலத்தைத் தாராளமாகக் கொடுங்கள். எல்லா எழுத்தையும் ஒரே அகலத்தில் அடைக்கும் ஆசை தமிழில் பலிக்காது. சமமாக வரைந்தாலும் படுக்கைக் கோடே கண்ணுக்குத் தடித்துத் தெரியும் என்பதால், நிற்கும் கோடு 20 அலகு என்றால் படுத்த கோட்டை 18 அலகாகக் குறைக்கலாம். மூலையின் வெளி ஆரத்திலிருந்து கோட்டின் தடிமனைக் கழித்து உள் ஆரத்தை வையுங்கள். இரண்டுக்கும் ஒரே ஆரம் வைத்தால் மூலை வீங்கிவிடும்.

அடுத்து ‘இண்டஸ்ட்ரீஸ்’ என்று எழுதிப் பாருங்கள். ஏழு எழுத்தில் நான்கு புள்ளி. புள்ளியைக் கோட்டின் தடிமனுக்குச் சமமான சதுரமாக்கி, அதற்கும் எழுத்துக்கும் நடுவே குறைந்தது அரைத் தடிமன் இடைவெளி விட்டால்தான் தொலைவிலிருந்து ஒட்டிக்கொள்ளாது. நவீனமாகத் தெரிய வேண்டுமென்று புள்ளியையே எடுத்துவிடுவோரை என்னால் மன்னிக்க முடிவதில்லை. ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியைத் தவிர்த்த ஏடெழுதுவோருக்காவது ஒரு காரணம் இருந்தது. ரகரத்தின் வாலிலும் கை வைக்காதீர்கள். அதை வெட்டினால் துணைக்காலாகிவிடும், ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று படிப்பார்கள். டகரத்தின் வலப்புறம் மேலே திறந்து கிடப்பதால், அடுத்த எழுத்தைச் சற்று நெருக்கி வைக்க வேண்டும்.

தகட்டில் எழுத்தை ஓட்டையாக வெட்டுவதானால், சுழிகளின் நடுப்பகுதி கழன்று விழும். ஒவ்வொரு சுழியிலும் நடுப்பகுதியைத் தகட்டோடு இணைக்க, தகட்டின் தடிமனுக்குக் குறையாத பாலம் ஒன்றை வெட்டாமல் விட்டு, அந்தப் பாலங்களை எல்லா எழுத்திலும் ஒரே திசையில் அமைத்தால் அவையே பட்டறை எழுத்தின் அழகாகிவிடும். கோப்பை லேசர் கடைக்கு அனுப்புமுன் கோரல்டிரா மென்பொருளில் எழுத்துகளைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றுங்கள். அவர்களிடம் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் சொற்கள் சிதறிவிடும். வெட்டக் கொடுப்பதற்கு முன் உண்மை அளவில் ஓர் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, சாலையின் எதிர்ப்புறம் நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ணகரம் கறுப்புத் திட்டாகத் தெரிந்தால், எல்லா எழுத்துகளிலும் கோட்டின் கனத்தை ஓர் அலகு குறைத்து மறுபடி அச்செடுங்கள்.